முதற்கல் நாடுவார்

காஞ்சிபுரத்தின் மனித வகைகளைத் தொகுத்து எழுதப் புகுவோர் பட்டுச் சேலைத் தரகரையும், கோயில் வாசல் வழிகாட்டியையும், டீக்கடை அரசியலாளரையும் எளிதில் அடையாளம் கண்டுவிடுவர். ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைந்தும் பேச்சில் மிக நீண்டும் விளங்கும் ஒரு வகையினர் மட்டும் அவர்கள் கணக்கில் விழாமல் தப்பிவிடுவதுண்டு. மடக்குச் சவரக் கத்தியைத் தாமே தீட்டித் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வது என்று ஒரு நல்ல நாளில் முடிவெடுத்து, அதற்கு முதலில் வாங்க வேண்டிய தீட்டுக்கல் எது என்ற வினாவுக்குள் இறங்கி, அதிலிருந்து கரையேற வழி தெரியாமல், அன்றாடம் பழைய பிளேடு ரேசராலேயே முகம் வழித்துக்கொண்டு வரும் இவரை ‘முதற்கல் நாடுவார்’ என்று இக்கட்டுரை வழங்கும். பொதுவாக இவர் ஐம்பதை ஒட்டிய வயதினர். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணக்குப் பார்த்துப் பழகியவர். கைப்பேசி முதல் கறிவேப்பிலை வரை எதையும் நான்கு இடத்தில் ஒப்பிட்டுப் பாராமல் வாங்கியறியாதவர்.

இவரைப் புரிந்துகொள்வதற்குக் கருவியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சவரக் கத்தியின் அலகு முதுகில் தடித்து, இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டு, வாயை நெருங்க நெருங்க மெலிந்து செல்வது; முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லின்மேல் படுக்கவைத்துத் தேய்த்தால், முதுகின் தடிமனே தீட்டும் கோணத்தை நிர்ணயித்துவிடும் என்பதால், உளி தீட்டும் தச்சருக்குள்ள கோணக் கவலை சவரக் கத்தி தீட்டுவோருக்குக் கிடையாது. இந்தத் துறையில் தேர்வு செய்யத் தேவையில்லாத ஒரே செய்தி இந்தக் கோணம்தான். அதனாலேயே முதற்கல் நாடுவாருக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை. கல்லின்மேல் வாய் முன்னே செல்லுமாறு கத்தியை நகர்த்துவது தீட்டல் எனவும், அதன்பின் தோல்வாரின்மேல் முதுகு முன்னே செல்லுமாறு இழுத்து வாயைச் சீர்படுத்துவது வார்பிடித்தல் எனவும் கொள்ளலாம். வார்பிடித்தல் ஒவ்வொரு மழிப்புக்கும் முன்னால் நடக்க வேண்டியது. தீட்டலோ சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் போதுமானது. அன்றாடம் வேண்டிய தோல்வாரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், எப்போதோ வேண்டிய கல்லைப் பற்றி அன்றாடம் பேசுவது இவ்வினத்தின் முதல் அடையாளம்.

இந்தக் கத்தியை உலகம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது என்பதும் இவருக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்கராகிய கிங் கேம்ப் ஜில்லெட், மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்த 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டிலேயே ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. தொற்றுநோய் அச்சம் பரவிய பிற்காலத்தில், முடிதிருத்தகங்களில் அடப்பம் எனப்படும் பழைய கருவிப்பை மூலைக்குப் போய், ஒரு பிளேடை இரண்டாக முறித்துப் பிடிக்குள் செருகும் அரைபிளேடுக் கத்தி வந்து சேர்ந்தது. முடிகாணிக்கை செலுத்தும் கோயில்களிலும் தலைக்கொரு புதுப் பிளேடு என்பதே இன்றைய வழக்கம். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணம் 2021இல் நீக்கப்பட்டு, அப்பணி செய்வோருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்ட பிறகு, காசும் கல்லும் இல்லாமலேயே தலை மழிக்கப்படும் நிலை ஏற்பட்டுவிட்டது. தேவை என்பது முற்றிலும் ஒழிந்துபோன இடத்தில்தான் ஆராய்ச்சி தடையின்றி வளரும் என்பதற்கு முதற்கல் நாடுவார் நடமாடும் சான்று.

இத்தகையவர் வேறெந்த ஊரிலும் தோன்றலாமாயினும், காஞ்சிபுரத்தில் தோன்றுவதற்குக் கூடுதல் நியாயம் உண்டு. ஏனெனில் தேர்வு செய்வதையே ஒரு தொழிலாகக் கண்டு வளர்ந்த ஊர் அது. காந்தி சாலைக் கடைகளில் விரிக்கப்பட்ட வெள்ளைத் துணிமேல் அமர்ந்த திருமணக் குடும்பம், உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்யப்பட்டு ஊடை இழைகளால் கோத்துப் பிணைக்கப்படும் கோர்வைச் சேலையா, சாதாரணக் கரையா என்பதில் தொடங்கி, முந்தியின் நீளம், சரிகையின் வெள்ளி, மயில்கழுத்து நிறத்தின் சாய்வு என்று ஒவ்வொன்றாக வழக்காடி, அடுக்கடுக்காகச் சேலைகளைப் பிரிக்கவைத்துக் கடைப் பையன்களின் தோளை ஓயவைப்பதை இவர் சிறுவயது முதல் கண்டிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சியின் முடிவை இவர் சரியாகக் கவனித்ததில்லை: எவ்வளவு வழக்காடினாலும் அந்தக் குடும்பம் இருட்டுவதற்குள் ஒரு சேலையை வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறும், காரணம், பத்திரிகையில் முகூர்த்த நாள் அச்சாகிவிட்டது. முதற்கல் நாடுவாரின் தேடலுக்கு முகூர்த்தம் இல்லை. தாடி நாள்தோறும் வளர்கிறதாயினும், அது எந்த நாளையும் கெடுவாகக் குறிப்பதில்லை. சேலை வாங்குவோரின் நுணுக்கம் முழுவதும் இவரிடம் உண்டு, அவர்களை வாங்கவைக்கும் நெருக்கடி மட்டும் இல்லை என்று இவருடைய வரலாற்றைச் சுருக்கிவிடலாம். அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்தி வரதர், 2019இல் 48 நாள் காட்சி தந்து மீண்டும் நீருக்குள் சென்ற வேளையில் இவர் கல்லாராய்ச்சியைத் தொடங்கியிருந்தால், 2059இல் அவர் மறுபடி எழும்போது முடிவு தெரிந்துவிடும் என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறிக்கொள்வர்.

ஆராய்ச்சியின் முதற்படி எண்களைப் பற்றியது. தீட்டுக்கல்லின் நயத்தை ஓர் எண்ணால் குறிப்பர். எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். 1000 என்னும் எண்ணுள்ள கல்லில் துகளின் அளவு ஏறத்தாழ 15 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் கூறுகளில் பதினைந்து. மழுங்கியோ பல் விழுந்தோ போன கத்திக்கு வாயின் இரு சரிவுகளையும் மீண்டும் ஒரு கோட்டில் சந்திக்கச் செய்யும் அடிப்படை வேலை இக்கல்லுக்குரியது. 4000, 5000 எண் கற்கள் முந்தைய கல்லின் கீறல்களை ஆற்றுவன. 8000 எண் கல்லில் இறங்கிய கத்தி முகத்தில் வைக்கத்தக்கது. 12000 எண் கல் அதற்கும் மேலான மெருகு. இவ்வளவோடு நின்றிருந்தால் முதற்கல் நாடுவார் ஒரு வாரத்தில் கல் வாங்கியிருப்பார். ஆனால் அமெரிக்கர் 8000 என்று அச்சிடும் கல்லின் துகள் 3 மைக்ரான் எனவும், ஜப்பானியர் 8000 என்று அச்சிடும் கல்லின் துகள் ஒரு மைக்ரானைச் சற்றே கடந்தது எனவும் எங்கோ படித்த நாளிலிருந்து இவருடைய நிம்மதி குலைந்தது. தம் முகத்து மயிர் அமெரிக்க 8000த்துக்கு உரியதா, ஜப்பானிய 8000த்துக்கு உரியதா என்னும் ஐயத்தோடு கண்ணாடி முன் நிற்கும் இவரைக் குளியலறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் பலமுறை கதவைத் தட்டி மீட்டிருக்கின்றனர்.

இரண்டாம்படி இயற்கைக் கற்களைப் பற்றியது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் என்னும் ஊரை ஒட்டி வெட்டப்படும் கொட்டிக்கூல் என்ற மஞ்சள் கல்லில் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் படிகங்கள் செறிந்திருக்கும். நீரில் குழைந்த அதன் சேறு கெட்டியாக இருந்தால் விரைந்து அரைக்கும், நீர் சேர்த்து நெகிழ்த்தினால் மென்மையாக முடிக்கும். எனவே அந்த ஒரே கல் பல கற்களின் வேலையைச் செய்யும் என்பர். ஜெர்மனியின் துரிங்கியா மலைக்கல்லும், கியோட்டோவை அடுத்த நகயாமாச் சுரங்கத்துக் கல்லும் சவரக் கத்திக்கென்றே பெயர்பெற்றவை. அச்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டமையால் பழைய கையிருப்பு மட்டுமே கைமாறி வருகிறது. கியோட்டோவில் ஒரு சுரங்கம் மூடப்பட்டதற்காகப் பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் மாலை டிபனை வேண்டாமென்று தள்ளுவது முன்பின் அறியாதோருக்கு வியப்பளிக்கக்கூடும். இவரை அறிந்தோருக்கு அது பழகிப்போன செய்தி.

உள்ளூர்க் கற்களையும் இவர் புறக்கணித்தவர் அல்லர். கடைத்தெருவின் இரும்புக் கடையில், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக அமைந்த கருஞ்சாம்பல் நிறக் கல் எப்போதும் கிடைக்கும். அது சிலிக்கனும் கார்பனும் மின்னுலையில் இணைந்து உருவாகும் கார்பரண்டம் என்னும் பொருள். எட்வர்டு ஆச்சிசன் 1891இல் அமெரிக்காவில் கண்ட இப்பொருளைக் கொண்டு சாணைச் சக்கரங்களும் கற்களும் செய்வதற்கு, முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கைகோத்து 1954இல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் ஆலை நடத்தி வருகிறது. இக்கல்லை விரலால் தடவி, நகத்தால் கீறி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இதன் நைசுப் பக்கத்தின் எண் என்ன என்று இவர் வினவும்போது கடைக்காரருக்கும் இவருக்கும் இடையே ஆண்டுதோறும் மாறாமல் நடைபெறும் உரையாடல் பின்வருமாறு:

“கத்திக்கா சார், உளிக்கா?”

“சவரக் கத்திக்கு.”

“அதுக்கு இப்ப யாரு சார் கல்லு கேக்குறாங்க? அஞ்சு ரூபாய்க்குப் பிளேடு இருக்குது.”

“நைசுப் பக்கம் எத்தனையாம் நம்பர்?”

“நம்பர்லாம் ஏது சார்? ஒரு பக்கம் நைசு, ஒரு பக்கம் ரஃப்பு. எடுத்துட்டுப் போங்க, வேணாம்னா மாத்திக்கலாம்.”

அந்த நைசும் சில நூறு எண்ணைத் தாண்டாதது, சவரக் கத்தியை அதில் வைத்தால் வாய் இரம்பமாகிவிடும் என்பது இவருக்குத் தெரியும். இவ்வகையில் இவருடைய மறுப்பு முழுக்க நியாயமானது. ஆனால் வீட்டில் காய் நறுக்கும் அருவாமனைக்கு அதே கல் மிகப் பொருத்தமானது என்பது இவருக்குத் தோன்றியதில்லை. “ஏங்க, உங்க கல்லு எப்பங்க வரும், அருவாமனை மழுங்கிக் கிடக்குதே” என்று சமையலறையிலிருந்து எழும் குரலுக்கு விடையாக, எண்ணெய்க் கல்லுக்கும் தண்ணீர்க் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டையும், நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் கல்லில் ஊற்றினால் அது நாளடைவில் பிசினாகிக் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்பதையும் இவர் விளக்கத் தொடங்குவார். விளக்கம் முடிவதற்குள், ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, மெருகு பூசாத அதன் அடிவிளிம்பில் அருவாமனை அலகை நாலு இழுப்பு இழுத்துக் கத்தரிக்காய் நறுக்கி முடிந்திருக்கும்.

காஞ்சியின் கலைச்சின்னங்களையும் இவர் தம் துறை நோக்கிலேயே காண்பவர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல்லாலும் மேற்கட்டு மணற்கல்லாலும் ஆனது. பிறர் யாளியையும் சோமாஸ்கந்தரையும் வியந்து நிற்கும் இடத்தில், மணற்கல்லின் மணி பருமனா நயமா என்று ஆராய விரலை நீட்டி, தொல்லியல் துறைக் காவலரின் அதட்டலுக்கு ஆளாகித் திரும்புவது இவர் வழக்கம். மணற்கல் சவரக் கத்திக்கு மிகையான முரடு என்ற முடிவுக்கு இவர் வர மூன்று நடை ஆனது. சிற்பத்தைப் பார்க்க ஒரு நடையும் ஆகவில்லை.

முடிதிருத்தகத்து முதியவரோடு இவர் நடத்தும் பேச்சு தனியே குறிக்கத்தக்கது. பழந்தொழிலாளர் தம் பழங்கருவியை நினைத்து உருகுவர் என்ற நம்பிக்கையோடு இவர் கல்லைப் பற்றி வினவுவார். அவரோ, இருட்டோடு எழுந்து முதல் ஆள் வருவதற்குள் கத்திகளையெல்லாம் தீட்டி முடித்த அந்நாளைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்லாமல், அரைபிளேடைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துவார். பழைய கல் எங்கே என்று கேட்டால், மின்விசிறிக் காற்றில் பறக்கும் செய்தித்தாளின்மேல் பாரமாகக் கிடக்கும், நடுவில் குழிந்த ஒரு கரிய துண்டைக் காட்டுவார். அதைக் கையிலெடுத்து முதற்கல் நாடுவார் மூச்சடக்கிப் பார்த்த கணத்திலேயே அக்கல்லின் தகுதி மாறிவிடும். “அது எங்க தாத்தா காலத்துக் கல்லு சார், இப்ப அந்த மாதிரி வராது” என்று தொடங்கி, அது எந்த மலையில் எடுத்தது, யார் யாரெல்லாம் விலைக்குக் கேட்டனர் என்பன வெளிப்பட, செய்தித்தாள் பறந்துகொண்டிருக்க, விலை ஏறிக்கொண்டே போகும். இறுதியில் கல் பழைய இடத்துக்கே திரும்பும். முதியவர் மட்டும் அன்று முதல் அதைத் துடைத்து வைக்கத் தொடங்குவார்.

கல் இல்லாவிட்டாலும் கல்லின் பயனைச் சோதிக்கும் முறைகளில் இவர் தேர்ச்சி பெற்றவர். தொங்குமயிர்ச் சோதனை என்பது, ஒரு மயிரிழையை விரலிடையே தொங்கவிட்டு, தீட்டிய கத்தியின் வாய் பட்ட மாத்திரத்தில் அது அறுந்து விழுகிறதா என்று காண்பது. தம் தலையில் இழைகள் அருகிவிட்டமையால் சீப்பில் சிக்கிய நீண்ட முடியை மனைவியிடமும் மகளிடமும் கேட்டுப் பெற்று, வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் எனக் குறித்து, உறைகளில் இட்டு அலமாரியில் இவர் சேமித்து வைத்திருப்பதைத் தற்செயலாகக் கண்ட மாமியார், மருமகனுக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டனர் என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதும் உண்டு.

குடும்பத்தாரின் கேலி எல்லை மீறும்போது இவர் வரலாற்றில் அடைக்கலம் புகுவார். பௌத்தத் துறவியர் தலைமயிர் இரண்டு விரற்கடைக்கு மேல் வளரவிடக் கூடாது என்பதும், சவரக் கத்தியையும், அதற்குரிய தீட்டுக்கல்லையும், உறையையும் வைத்துக்கொள்ளப் புத்தர் இசைவளித்தார் என்பதும் பாலி மொழி விநய பிடகத்தில் உள்ள செய்திகள். ஏழாம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் நூறு விகாரைகளும் 10,000 துறவியரும் இருந்ததாக எழுதிச் சென்றார். இவ்விரு செய்திகளையும் பெருக்கிப் பார்த்து, பல்லவர் காஞ்சியில் எத்தனை தீட்டுக்கற்கள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, தாம் புதுப்பைத்தியம் அல்லர், ஆயிரத்து நானூறு ஆண்டு மரபின் வாரிசு என்று இவர் நிறுவுவார். அதே நூற்றாண்டில், அதே காஞ்சித் தெருக்களில், தொலைந்த கபால ஓட்டைத் தேடி ஒரு காபாலிகன் புத்த பிக்குவிடம் வம்பு வளர்ப்பதை மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகை நாடகமாக்கியதை இவருக்கு நினைவூட்டுவார் இல்லை. காபாலிகனாவது கையில் இருந்து தொலைந்ததைத் தேடினான். முதற்கல் நாடுவார் கைக்கு வராததையே தொலைத்துவிட்டுத் தேடுபவர்.

அரிதாக இவ்வினத்தில் சிலர் கல்லை வாங்கிவிடுவதும் உண்டு. அதனால் அவர்கள் குணமடைந்துவிட்டதாகக் கருதுவது பிழை. தேய்க்கத் தேய்க்க எந்தக் கல்லும் நடுவில் குழியும். குழிந்த கல்லில் கத்தியின் வாய் நேராக நில்லாது. எனவே கல்லைச் சமன்படுத்த வைரத்துகள் பதித்த தகடோ, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளோ வேண்டும். கல்லைத் தீட்ட வேறொன்று வேண்டும் என்று அறிந்த அன்றே ஆராய்ச்சி புத்துயிர் பெறும்: எந்தத் தகடு, அதில் எத்தனையாம் எண், அந்தத் தகடு சமமானது என்பதைச் சோதிப்பது எதைக் கொண்டு? வாங்காதவர் ஒரு கல்லையே தேடிக்கொண்டிருப்பார்; வாங்கியவர் அடுத்த கல்லைத் தேடத் தொடங்கியிருப்பார்; இருவரின் முகத்தையும் மழிப்பது அதே ஐந்து ரூபாய்ப் பிளேடு.

இவ்வளவும் கூறியபின், இவருக்கு விடை தெரியாது என்று முடிவு கட்டினால் அது பெரும் அநீதியாகும். பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன் வந்து, தானும் மடக்குக் கத்திக்கு மாற விரும்புவதாகவும் எந்தக் கல் வாங்குவது என்றும் கேட்டால், மூன்று நிமிடத்தில் தெளிவான விடை கிடைக்கும். முதலில் கல்லே வேண்டாம், ஏற்கெனவே தீட்டப்பட்ட கத்தியும் ஒரு தோல்வாரும் போதும்; சில மாதம் கழித்து மழிப்பு இழுக்கத் தொடங்கும்போது, ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இருமுகச் செயற்கைக் கல் ஒன்றை வாங்கினால் பல ஆண்டு தாங்கும்; பல் விழுந்த பழங்கத்தியை வாங்கினால் மட்டுமே 1000 எண் கல் தேவை; வாயோரத்தில் மார்க்கர் மை பூசி இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தால், மை அழிந்த இடமெல்லாம் கல் படுகிறது, அழியாத இடத்தில் படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்; ஒரே கல்லோடு ஓராண்டு பழகாமல் மறுகல்லை நினைக்கவும் கூடாது. பெரிய நிபுணர்களும் இதற்கு மேல் சொல்வதற்கில்லை. இளைஞன் சொன்னபடி செய்து, உரிய காலத்தில் கல்லும் வாங்கித் தீட்டி, பளபளத்த கன்னத்தோடு நன்றி கூற வருவான்.

முதற்கல் நாடுவார் அக்கன்னத்தை மூக்குக்கண்ணாடி வழியாக உற்று நோக்கி, மனமாரப் பாராட்டி, காபி வரவழைத்துக் கொடுத்து, அவன் செருப்பை மாட்டும் நேரத்தில் ஒரேயொரு வினா எழுப்புவார்: “தம்பி, அந்த எட்டாயிரம் அமெரிக்கா கணக்கா, ஜப்பான் கணக்கா?” இளைஞன் கன்னத்தைத் தடவிப் பார்ப்பான், வந்தபோது இருந்த வழவழப்பு இப்போது சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும், விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்குவான். காஞ்சிபுரத்தில் முதற்கல் நாடுவார் இனம் அழியாமல் தலைமுறை தாண்டி வருவது இம்முறையால்தான்.